பழைய லாரி புகை தள்ளினால், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகத் தொடங்குவதற்கு முன்பே வண்டியைத் தயார் செய்துவிட வேண்டும் என்று, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பழைய லாரிகளின் உரிமையாளர்கள் கோடையின் தொடக்கத்தில் பட்டறைக்கு வருவார்கள். அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஆன பிறகு புகை தள்ளுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. இதைக் கேட்டவுடன், "ரிங் (பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லப்பட்ட வண்டிகளில் சில, ஒரு நாள் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தபோது, டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) திருத்தியதிலோ ஒரேயொரு நாசிலை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) மாற்றியதிலோ சரியாகிவிட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். புகை, உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எந்த சிலிண்டரில், எந்த வழியாகக் கம்ப்ரஷன் (பிஸ்டன் சுருக்கிய காற்றின் அழுத்தம்) வெளியேறுகிறது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சீசனுக்காக வாங்கிய கடனில் ஒரு முழு ஓவர்ஹால் செலவு சேருமா சேராதா என்பது இந்த ஒரு நாள் சோதனையில் இருப்பதால், அதை வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுவது டாடா 407, 1109, 1612, பழைய லேலண்ட் போன்ற, வரிசைப் பம்பும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தித் தரும் பம்ப்) சாதாரண நாசிலும் கொண்ட டீசல் இன்ஜின்களுக்கு மட்டுமே பொருந்தும். எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரெயில் இன்ஜின்களில் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் சோதனையை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது; அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும்.

டீசல் இன்ஜினில் பற்றவைக்கப் பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 17 மடங்கு சுருக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் விழும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. காற்று எங்காவது கசிந்தால் அழுத்தத்தோடு சூடும் குறைகிறது. ஆகவே கம்ப்ரஷன் குறைந்த வண்டி முதலில் காட்டும் அறிகுறி காலை நேரத்து ஸ்டார்ட்டிங் தொல்லைதான். மார்கழியில் ஓசூர்ப் பக்கம் இரவு நிறுத்திய வண்டி, அதே வண்டி தருமபுரியில் மத்தியானம் காட்டாத குறையைக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

புகையின் நிறமும் அது வரும் நேரமும்

நிறத்தைவிட நேரம் அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. குளிர்ந்த இன்ஜினில் வெள்ளையாக வந்து, கண்ணை எரித்து, பச்சை டீசல் வாடை அடித்து, சூடேறியதும் குறைகிறது என்றால், அது எரியாமல் வெளியேறும் டீசல். கம்ப்ரஷன் குறைவு, ஒழுகும் நாசில், பின்தங்கிய பம்ப் டைமிங், மெதுவாகச் சுற்றும் செல்ஃப் மோட்டார் ஆகிய நான்கில் ஒன்று காரணமாக இருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் வாடையில்லாத வெள்ளைப் புகை தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், அது நீராவி. ஹெட் கேஸ்கெட்டையும் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) ஹெட்டில் விரிசலையும் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை, காற்றுக்கு அதிகமாக டீசல் போவதைக் காட்டுகிறது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறும்போது மட்டும் கறுப்பு வருகிறது, சமதரையில் இல்லை என்றால், ரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் ஏர் கிளீனரையும், பம்பில் யாராவது டீசல் அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்களா என்பதையும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. பாரம் ஏற ஏற நீலம் கூடினால் ரிங்கும் லைனரும் (பிஸ்டன் ஏறி இறங்கும், சிலிண்டரின் உள்குழாய்) முதல் சந்தேகம். நெடுநேரம் ஐடிலில் நின்ற பிறகோ, கணவாயில் கியரின் பிடியில் இறங்கி வந்து மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதோ ஒரு குபுக்கென்று நீலம் வந்து தெளிந்துவிட்டால் வால்வு கைடை (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) சந்தேகிக்கலாம். ஆனால் பெட்ரோல் இன்ஜினைப் போல டீசல் இன்ஜினில் காற்று வரும் வழியை அடைக்கும் திராட்டில் இல்லாததால், பலமான உறிஞ்சலும் இல்லை. இந்த அடையாளத்தை மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்றுவது சரியல்ல. இவற்றையெல்லாம் ஓட்டுநர் தன் வழக்கமான ஓட்டத்தில் கவனித்துச் சொன்னால் போதும். விபத்துகளுக்குப் பெயர் போன அந்தக் கணவாயைச் சோதனைக் களமாக்க வேண்டாம்.

முதலில் காற்று வழி

நம் பகுதியில் கிரானைட் குவாரிகளும் கிரஷர்களும் அதிகம். அந்தத் தூசியைவிட வேகமாக ரிங்கையும் லைனரையும் தேய்ப்பது வேறொன்றும் இல்லை. ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்பு, ஏர் கிளீனருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், இன்ஜின் வடிகட்டாத காற்றை இழுத்திருக்கிறது. குழாயின் வெடிப்பையோ தளர்ந்த கிளாம்பையோ கண்டுபிடிக்காமல் புது ரிங் போட்டால், அந்தப் புது ரிங்கும் அடுத்த மாங்காய் சீசனைப் பார்க்காது.

ஆயில் ஊற்றும் பழைய வகை ஏர் கிளீனராக இருந்தால் அளவுக் கோட்டையும் கவனியுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றிய ஆயிலை இன்ஜின் உறிஞ்சி நீலப் புகையாக விடும். ரிங் நன்றாக இருக்கும்போதே போய்விட்டதாகத் தோன்றும். இது ஒரு சிறிய கவனக்குறைவுதான், ஆனால் இதற்காகவே ஹெட் கழற்றப்பட்ட ஒரு 407 வண்டியை நான் அறிவேன். அந்த உரிமையாளர் அப்போது அடைந்த நஷ்டம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

டேப்பட்

கம்ப்ரஷன் அளப்பதற்கு முன் டேப்பட் இடைவெளி சரியாக இருந்தாக வேண்டும். இடைவெளியே இல்லாத வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. அந்த சிலிண்டர் கேஜில் செத்ததாகவே தெரியும். ஆறு சிலிண்டர் இன்ஜினில் வெடிக்கும் வரிசை பொதுவாக 1-5-3-6-2-4 என்பதால், 1-6, 2-5, 3-4 ஆகியவை இணைகள். ஆறாவது சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒன்று மூடி மற்றது திறக்கும் நிலையில் ஆடும்போது, முதல் சிலிண்டரின் இரு வால்வுகளையும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்க்கலாம். இப்படியே ஒவ்வோர் இணையையும் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டரில் இணைகள் 1-4, 2-3. இடைவெளி எவ்வளவு, குளிரிலா சூட்டிலா என்பதை அந்த இன்ஜினின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். வாய்வழிக் கணக்கு வேண்டாம்.

சரிசெய்வதற்கு முன் இருந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவையே ஒரு சாட்சி. ஒரு வால்வில் மட்டும் இடைவெளி மறைந்திருந்தால் அந்த வால்வு சீட்டுக்குள் இறங்கியிருக்கலாம். ஒன்றில் மட்டும் மிக அதிகமாக இருந்தால் புஷ் ராடை (வால்வைத் திறக்க உந்தும் கம்பி) கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டி, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தவறான கியரில் கணவாய் இறங்கிய வண்டிகளில் இது நடப்பதுண்டு: இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சக்கரங்கள் இன்ஜினை வேகமாகச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது, அளவு மீறிய வேகத்தில் வால்வு மூடத் தாமதித்துப் பிஸ்டனில் இடித்து, வால்வோ புஷ் ராடோ வளைகிறது. ஒரு குறிப்பிட்ட பயணத்துக்குப் பிறகு திடீரென்று ஒரு சிலிண்டர் போனது என்று ஓட்டுநர் சொன்னால், அதைத் தேய்மானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேக் கம்ப்ரஷன்

இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி லேசாக ஆடுவது இயல்பு. புகையோடு அது தூக்கியெறியப்பட்டால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி கீழே இறங்குகிறது என்று பொருள்; பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இப்படித் தோன்றும் என்பதால் அதை முதலில் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

ஏர் பிரேக் உள்ள வண்டிகளில் இன்னொரு ஏமாற்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்திருந்தால், அது அழுத்திய காற்று ஆயில் திரும்பும் வழியாக இன்ஜினின் அடிப்பகுதிக்குள் வந்துவிடும். இன்ஜின் ரிங் நன்றாக இருந்தாலும் பிரீதரில் வேகமாகக் காற்று வரும். வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டேங்கில் காற்று நிறைந்து கம்ப்ரசர் சும்மா ஓடும் நேரத்திலும், காற்றை இறக்கிவிட்டு அது மீண்டும் நிரப்பும் நேரத்திலும் பிரீதரை ஒப்பிட்டுப் பாருங்கள். நிரப்பும்போது மட்டும் பிரீதர் சீறினால் குறை கம்ப்ரசரில்தான்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடித்தல்

இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, டீசல் துணியில் கசியும்படி விட்டு, மீண்டும் இறுக்குங்கள். நல்ல சிலிண்டரை நிறுத்தும்போது இன்ஜின் தடுமாறும், சத்தம் மாறும். எதை நிறுத்தினாலும் மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. எதை நிறுத்தியதும் வெள்ளைப் புகை தெளிகிறதோ, அந்தப் புகை அங்கிருந்து வருகிறது.

இவ்வளவோடு முடிவுக்கு வந்துவிடாமல், அந்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றி நல்ல சிலிண்டர் ஒன்றின் நாசிலோடு இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால், அது பம்ப் பட்டறையில் தீரும் சிறு செலவு. குறை அதே சிலிண்டரில் நின்றுவிட்டால்தான் கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டும். நாசிலின் அடியில் உள்ள செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் வழியே கம்ப்ரஷன் கசிந்து, இல்லாத குறையை உண்டாக்கிவிடும்.

கேஜால் அளத்தல்

பெட்ரோல் இன்ஜினுக்கான கேஜ் டீசலின் அழுத்தத்தைத் தாங்காது. குறைந்தது 40 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் டீசல் கேஜும், நாசில் இடத்தில் சரியாக உட்காரும் அடாப்டரும் வேண்டும். இன்ஜினை ஓட்டிச் சூடேற்றிய பிறகு எல்லா நாசில்களையும் கழற்றி, டீசல் போகாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துக் கட்டி, ஏர் கிளீனர் வழி திறந்திருக்க, முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஆறு அல்லது ஏழு கம்ப்ரஷன் வரும்வரை, செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி நடுவில் தளர்ந்தால் கடைசி சிலிண்டர்கள் பொய்யாகக் குறைவாகக் காட்டும். எனவே முடிந்தபின் முதல் சிலிண்டரை இன்னொரு முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

இவ்வகை இன்ஜின்கள் நல்ல நிலையில் ஏறத்தாழ 25 முதல் 30 பார் காட்டும். 20 பாருக்குக் கீழே போனால் குளிரில் ஸ்டார்ட் ஆவது சிரமம். கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது என்றாலும், அதை ஒப்பிடும்போது நாம் நிற்கும் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 முதல் 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறைகிறது. தருமபுரியில் கடற்கரையைவிட ஏறத்தாழ 5 சதவீதமும், ஓசூரில் ஏறத்தாழ 10 சதவீதமும் குறைவு. கடற்கரையில் 28 பார் காட்டும் இன்ஜின் ஓசூரில் 25 பாரைத்தான் காட்டும். இதை அறியாமல் ஓசூர்ப் பட்டறையில் எடுத்த அளவைக் கையேட்டின் எண்ணோடு நேராக வைத்துப் பார்த்தால், நல்ல இன்ஜினும் தேய்ந்ததாகிவிடும்.

ஆகவே மொத்த அளவைவிட, சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசத்தை நான் அதிகம் நம்புகிறேன். ஒன்றுக்கொன்று 3 பாருக்கு மேல் விலகினால் அது கவனிக்க வேண்டியது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். முள் ஏறும் விதத்தையும் கவனியுங்கள்: முதல் அடியில் குறைவாக இருந்து, அடுத்தடுத்த அடிகளில் மெல்ல ஏறினால் ரிங் பக்கமும், தொடக்கத்திலேயே குறைந்து, அதற்கு மேல் ஏறவே மறுத்தால் வால்வு பக்கமும் சந்தேகத்தைத் திருப்பலாம்.

குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மீண்டும் அளந்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று முடிவு செய்யும் பழக்கம் உள்ளது. பெட்ரோல் இன்ஜினிலிருந்து வந்த இந்தப் பழக்கத்தை டீசலில் மிகுந்த எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு 750 சிசி உள்ள இன்ஜினில், கம்ப்ரஷன் விகிதம் 17 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 47 சிசி மட்டுமே. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 சிசி ஆயில் ஊற்றினால், அந்த ஆயில் இடத்தை அடைத்துக்கொள்வதாலேயே விகிதம் 19ஐ நெருங்கி, ரிங் சிறிதும் அடைபடாமலே அளவு ஏழில் ஒரு பங்கு ஏறிவிடும். போதாக்குறைக்கு, பிஸ்டன் தலையில் உள்ள குழியில் ஆயில் தேங்கி, ரிங்கைச் சென்று சேராமலும் போகலாம். அதிகமாக ஊற்றினால் ஆயிலைச் சுருக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். எனவே ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள். நல்ல சிலிண்டர் ஒன்றிலும் அதே அளவு ஊற்றி அளந்து, இரண்டிலும் ஏற்றம் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

காற்றை உள்ளே விட்டுக் கேட்டல்

என் அனுபவத்தில், கேஜைவிடத் தெளிவாகப் பேசுவது இந்தச் சோதனை. குறைந்த சிலிண்டரைக் கம்ப்ரஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். கிராங்க்கைத் திருப்பிய கம்பியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்; பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் காற்று இன்ஜினைச் சுழற்றி, அந்தக் கம்பி ஆளை அடித்துவிடும். பிறகு நாசில் துளையில் உள்ள அடாப்டர் வழியாக, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலிருந்து முதலில் மெதுவாகவும், பின்பு 6 பார் வரையும் காற்றை விட்டு, காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனர் குழாயில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் இரைந்தால் ரிங் அல்லது லைனர், பக்கத்து சிலிண்டரின் நாசில் துளையில் வந்தால் நடுவே உள்ள கேஸ்கெட், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். ஆயில் துளையில் லேசான இரைச்சல் நல்ல இன்ஜினிலும் இருக்கும் என்பதால், நல்ல சிலிண்டரையும் ஒரு முறை கேட்டுக் காதைப் பழக்கிக்கொள்வது அவசியம். இந்தச் சோதனையின்போது ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

குமிழி வந்த வண்டிகளில் ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றும் விசாரியுங்கள். நம் மாவட்டங்களின் போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது. காய்ச்சிய பாத்திரத்தில் படியும் அதே உப்பு, இன்ஜினின் தண்ணீர் வழியிலும் படிந்து சூட்டை வெளியேற விடாமல் தடுக்கிறது. அதைக் கழுவி எடுக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், அதே இடத்தில் மீண்டும் எரியும்.

முடிவெடுத்தல்

ஒரு சிலிண்டரில் வால்வு கசிவு மட்டும் உறுதியானால் ஹெட்டை மட்டும் கழற்றி, சீட் வெட்டி, வால்வைக் கிரைண்ட் செய்து, கைடைப் பார்த்தால் போதும். பிஸ்டனைத் தொட வேண்டியதில்லை. எல்லா சிலிண்டர்களும் ஒரே சீராகக் குறைந்து, பேக் கம்ப்ரஷனும் பலமாக இருந்து, 1000 கிலோமீட்டருக்கு ஊற்றும் ஆயிலின் அளவும் மாதாமாதம் ஏறிவருவதை உங்கள் கணக்கு நோட்டே காட்டினால், முழு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. பிரீதர் குழாய் ஏர் கிளீனரோடு இணைந்திருக்கும் வண்டியில், அந்த ஆயிலையே டீசலாக எடுத்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகம் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அப்படி நேர்ந்தால் ஸ்டாப் கேபிள் பயன்படாது, காற்று வழியை ஒரு பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல.

ஹெட்டைக் கழற்றிய பிறகும் ஒரு கடைசிச் சோதனை மீதம் இருக்கிறது. லைனரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, முதல் ரிங் திரும்பும் இடத்தில், விரல் நகத்தைக் கீழிருந்து மேலாக ஓட்டினால் தேய்மானம் படியாகத் தட்டுப்படும். நகத்தில் தட்டும் படி இருந்தால் வெறும் ரிங் மாற்றுவது பயன் தராது. லேத் பட்டறையில் போர் கேஜால் ஒவ்வொரு லைனரையும் மேல், நடு, அடி என மூன்று உயரங்களிலும், முன்பின்னாகவும் குறுக்காகவும் அளந்து தரச் சொல்லி, அந்த அளவுகளைத் தாளில் வாங்கிக்கொண்ட பிறகே உதிரிப் பாகங்களுக்கு முன்பணம் கொடுங்கள்.